பாவனைப் பயிற்சியால் சிந்திக்கக் கற்றுக்கொடுக்க முடியுமா? செவிலியர் கல்வி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் செவிலியர் மாணவர்களுக்குப் பாவனைப் பயிற்சி, அதாவது சிமுலேஷன், அளிக்கும் வேலையில் இருப்பதால், கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும்கூட இதைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். கேட்பவர்களில் எங்கள் நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிப் பெற்றோர் உண்டு; முதலாண்டு மாணவர்கள் உண்டு; அந்தக் காலத்தில் மருத்துவமனை விடுதியில் தங்கிப் படித்து ஓய்வுபெற்ற சிஸ்டர்கள் உண்டு; புதிதாகப் பயிற்றுநர் பொறுப்பை ஏற்றவர்களும் உண்டு. அவரவர் கேட்டபடியே கேள்விகளை இங்கே இட்டிருக்கிறேன்.

சிமுலேஷன் என்றால் பொம்மைக்கு ஊசி போட்டுப் பழகுவதுதானே?

கைப்பழக்கத்துக்குப் பொம்மையைப் பயன்படுத்துவது நூறாண்டுக்கும் மேலான வழக்கம். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனைக்காக 1911இல் செய்யப்பட்ட ‘மிஸஸ் சேஸ்’ என்ற ஆளுயரப் பொம்மையைக் கொண்டு அங்குள்ள மாணவியர் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கவும் உடைமாற்றவும் பழகினார்கள். வாய்வழி மூச்சூட்டப் பழகுவதற்கான ‘ரெசஸி ஆன்’ 1960இல் நார்வேயிலிருந்து வந்தது. இவற்றின் பயன் இன்றும் குறையவில்லை.

இங்கே நான் பேசுவது அதற்கு அடுத்த படியைப் பற்றி. ஒரு நோயாளியை மாணவரிடம் ஒப்படைத்து, எதைக் கேட்பது, எதை அளப்பது, எதை முதலில் செய்வது, யாரை அழைப்பது என்பதையெல்லாம் அவரே முடிவு செய்யுமாறு விடுகிறோம். அவர் செய்வதற்கும் செய்யாமல் விடுவதற்கும் ஏற்ப நோயாளியின் நிலை மாறிக்கொண்டே போகும். நோயாளியின் இடத்தில் மேனிக்கின் என்ற ஆளுயரப் பயிற்சிப் பொம்மை இருக்கலாம். பயிற்சி பெற்ற நடிகர் இருக்கலாம். உடலில் ஒரு கருவியைக் கட்டிக்கொண்ட சக மாணவரும் இருக்கலாம். எது இருந்தாலும், மாணவர் தாமே ஒரு முடிவுக்கு வர வேண்டிய கட்டம் ஒன்று அதில் இருக்க வேண்டும். அந்தக் கட்டம் இல்லாத பயிற்சி, எவ்வளவு விலையுள்ள பொம்மையை வைத்து நடத்தினாலும், கைப்பழக்கப் பயிற்சியாகவே நின்றுவிடுகிறது.

வார்டில் நிஜ நோயாளிகள் இருக்கும்போது என் மகளுக்கு எதற்கு இந்த நடிப்பு?

வார்டில் ஒரு நோயாளியின் நிலை திடீரென்று மோசமானால் மூத்த சிஸ்டர் முன்னால் வந்துவிடுவார். மாணவி ஓரமாக நகர்ந்துவிடுவாள். நோயாளியின் நன்மைக்கு அதுதான் முறை. ஆனால், அந்த நிமிடத்தில் சிஸ்டரின் மனத்துக்குள் என்ன ஓடியது, எந்த அறிகுறியைப் பார்த்து அவர் எச்சரிக்கையானார் என்பது மாணவிக்குத் தெரியாமலே போய்விடுகிறது. தவிர, எந்த மாணவிக்கு எந்த நோயாளி வாய்ப்பார் என்பதும் நம் கையில் இல்லை. பிரசவத்துக்குப் பிந்தைய கடும் இரத்தப்போக்கை ஒருமுறைகூட நேரில் காணாமல் படிப்பை முடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பை முடித்தவர் ஓராண்டு சமூகச் சேவை செய்தாக வேண்டும். அந்த ஓராண்டு, முழுநேர மருத்துவர் இல்லாத நாட்டுப்புறக் கிளினிக்கில் அமையலாம். உங்கள் மகள் முதன்முதலாகத் தனியே முடிவெடுக்கும் இடம் அதுவாக இருக்கக் கூடாது என்பதற்காகவே இங்கே அவளை முடிவெடுக்க வைக்கிறோம்.

சிந்திக்கும் திறன் என்று எதைச் சொல்கிறீர்கள்? அது இயல்பிலேயே வருவதல்லவா?

அமெரிக்கப் பேராசிரியர் கிறிஸ்டீன் டேனர் 2006இல் இதை நான்கு கட்டங்களாக விளக்கினார்: கவனித்தல், பொருள்கொள்ளுதல், செயல்படுதல், திரும்பிப் பார்த்தல். ஆஸ்திரேலியாவின் டிரேசி லெவெட்-ஜோன்ஸ் குழுவினர் 2010இல் வெளியிட்ட சுழற்சியில் எட்டுப் படிகள் உள்ளன. தகவல் திரட்டுதல், அவற்றைத் தொடர்புபடுத்திப் பார்த்தல், பிரச்சினையை அடையாளம் காணுதல், இலக்கு வகுத்தல் என்று அது இன்னும் நுணுக்கமாகப் பிரித்துக்காட்டுகிறது. எந்த வரைபடத்தைப் பின்பற்றினாலும் பெரும்பாலான மாணவர்கள் தடுமாறுவது முதற்கட்டத்தில்தான். அளந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். அந்த எண் எதையோ சொல்கிறது என்பதைக் கவனிக்க மாட்டார்கள். மூச்சு வேகம் இதற்கு நல்ல சான்று. நிலை மோசமாவதை முதலில் காட்டும் அறிகுறிகளில் அதுவும் ஒன்று. அப்படியிருந்தும் முழு நிமிடம் எண்ணாமல் வழக்கமான ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போவது எல்லா நாடுகளிலும் உள்ள பழக்கம்.

இயல்பான கூர்மை சிலரிடம் இருக்கலாம். ஆனால், எங்கே பார்க்க வேண்டும் என்பதையும், முதலில் தோன்றிய எண்ணத்தை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதையும் பழக்கத்தால் கற்றுக்கொடுக்க முடியும்.

ஒரு பயிற்சி எப்படி நடக்கும் என்று ஓர் எடுத்துக்காட்டோடு சொல்லுங்கள்.

நம் வீடுகளுக்குப் பழக்கமான ஒன்றையே சொல்கிறேன். புரட்டாசி மாதம். 62 வயது அம்மையார் ஒருவரை அவருடைய மகள் அவசரப் பிரிவுக்கு அழைத்து வருகிறார். “காலையிலிருந்து அம்மாவுக்குப் பேச்சு குழறுகிறது, என்னையே அடையாளம் தெரியவில்லை” என்கிறார். இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், சர்க்கரைக்குப் பகலில் கிளிமெபிரைடு மாத்திரை, இரவில் இன்சுலின். மாணவர்களில் பலர் உடனே “பக்கவாதம்” என்று முடிவு கட்டிவிடுவார்கள். வயது, இரத்த அழுத்தம், குழறும் பேச்சு ஆகிய மூன்றும் அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்கின்றன. முதலில் தோன்றியதையே பிடித்துக்கொண்டு, பிறகு வரும் தகவல்களையெல்லாம் அதற்கேற்ப வளைத்துக்கொள்வது மனித மனத்தின் இயல்பு. அந்த இயல்பைத் தூண்டிவிட வேண்டும் என்பதற்காகவே இந்த நிகழ்வு இப்படி எழுதப்பட்டிருக்கிறது.

நடிப்பவரின் ரவிக்கை வியர்வையில் நனைந்தது போல் ஈரமாக்கப்பட்டிருக்கும். தொட்டுப் பார்த்த மாணவருக்கு மட்டுமே அது தெரியும். “கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள்?” என்று கேட்டால் மட்டுமே மகளாக நடிப்பவர், அம்மா விரதம் இருக்கிறார், நேற்று மதியத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை, ஆனால் ஊசியையும் மாத்திரையையும் விடவில்லை என்று சொல்வார். அட்டெனலால் போன்ற மருந்துகள் சர்க்கரை குறையும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. இது தெரிந்த மாணவர் நாடித்துடிப்பு இயல்பாக இருப்பதைக் கண்டு ஏமாறமாட்டார். விரல்நுனி இரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை லிட்டருக்கு 2.4 மில்லிமோல், மிகவும் குறைவு.

விழுங்க முடிகிறதா என்று பார்த்து, முடியாதென்றால் நடைமுறை விதிப்படி சிரைவழியே குளுக்கோஸ் கொடுத்ததும் அம்மையார் கண் திறந்து பேசுகிறார். மாணவர்கள் நிம்மதியாக மூச்சுவிடும் இந்த இடத்தில்தான் இரண்டாம் பாதி தொடங்குகிறது. கிளிமெபிரைடின் வேலை அத்துடன் முடிவதில்லை. சில மணி நேரத்தில் சர்க்கரை மீண்டும் இறங்கக்கூடும். பயிற்றுநர் சுவர்க்கடிகாரத்தின் முள்ளை முன்னால் நகர்த்துகிறார். மறுபடியும் அளந்து பார்க்க யாருக்குத் தோன்றுகிறது என்பதே அப்போது எங்கள் கவனம்.

பொம்மை என்று தெரிந்தபிறகும் மாணவர்கள் உண்மையென்று எடுத்துக்கொள்வார்களா?

எடுத்துக்கொள்வார்கள். பயிற்சிக்கு முன்பு அறையைக் காட்டி, எது வேலை செய்யும், எது செய்யாது என்பதைச் சொல்லி, தோல் நிறம் மாறாது, கேட்டால் வாயால் சொல்வோம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டால் போதும். இந்த முன்விளக்கத்தைத் தவிர்க்கும் பயிற்றுநர்களுக்குத்தான் “அது பொம்மைதானே” என்ற பதில் கிடைக்கிறது.

எங்கள் கல்லூரியில் விலையுயர்ந்த மேனிக்கின் இல்லை, மின்சாரமும் போய்விடுகிறது. எங்களால் நடத்த முடியுமா?

முடியும். 2022, 2023 ஆண்டுகளின் மின்வெட்டுக் காலத்தில், கணினியை நம்பியிருந்தவர்களைவிட, அளவீடுகளை அட்டையில் எழுதி ஒவ்வொன்றாக நீட்டியவர்கள் தடையில்லாமல் பாடம் நடத்தினார்கள். பிரசவப் பயிற்சிக்கு ‘மாமா நாட்டலி’ என்ற எளிய கருவி உண்டு. அதை ஒருவர் வயிற்றில் கட்டிக்கொண்டு தாயாக நடிப்பார். இரத்தம் கசிவதையும் கருப்பை தளர்வதையும் அவரே இயக்கலாம். தென்னாப்பிரிக்காவின் ‘எஸ்மோ’ மகப்பேறு அவசரநிலைப் பயிற்சியும், தீயணைப்பு ஒத்திகை போல அந்தந்த வார்டிலேயே, அங்குள்ள ஊழியர்களையும் பொருள்களையும் கொண்டு ஒத்திகை பார்ப்பதையே வலியுறுத்துகிறது.

பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கைப் பற்றிய இத்தகைய ஒரு நிகழ்வில் நான் வைக்கும் குறிப்புகள் இவை: இரத்த அழுத்தம் 110/70, நாடித்துடிப்பு 118, தாய் “தாகமாக இருக்கிறது” என்கிறார், போர்வையின் மேற்புறம் சுத்தமாக இருக்கிறது. இளம் பெண்களின் உடல் நிறைய இரத்தத்தை இழக்கும்வரை அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். நாடிதான் முதலில் ஏறும். அழுத்தத்தைப் பார்த்து ஆறுதல் கொள்ளும் மாணவர் போர்வையை விலக்கமாட்டார். விலக்குகிறவர் இடுப்புக்கடியில் ஊறிக்கிடக்கும் இரத்தத்தைக் காண்பார். கருப்பையைத் தேய்த்துவிட்டு, உதவிக்கு அழைத்து, அதை இறுகச் செய்யும் ஆக்ஸிடோசின் மருந்தைக் கொடுத்த பிறகும் கருப்பை இறுகவில்லையே என்று திகைக்கும்போது, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு பழைய போர்வையும் சிவப்புச் சாயமும் அட்டைகளும் போதும்.

டிபிரீஃபிங் என்று உட்காரவைத்துத் தவறுகளைப் பட்டியல் போடுகிறார்கள். அதனால் என்ன பயன்?

பட்டியல் போட்டால் பயன் இல்லை. பயிற்சி முடிந்ததும் நடக்கும் இந்த உரையாடலில்தான் கற்றல் நிகழ்கிறது என்பதை நான் முழுமையாக நம்புகிறேன். நேரம் குறைவாக இருந்தால் நிகழ்வைச் சுருக்குங்கள், உரையாடலைச் சுருக்காதீர்கள். நிகழ்வுக்கு 15 நிமிடம் என்றால் உரையாடலுக்கு அதைப் போல் இருமடங்கு ஒதுக்குவது நல்லது.

அமெரிக்க ஆய்வாளர் ஜென்னி ரூடால்ஃபும் உடன் பணியாற்றியோரும் 2006இல் விளக்கிய முறை எளிமையானது. பயிற்றுநர் தாம் கண்டதையும் அதைப் பற்றித் தாம் நினைப்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, மாணவர் என்ன நினைத்தார் என்று உண்மையான ஆர்வத்துடன் கேட்கிறார். மேலே சொன்ன புரட்டாசி நிகழ்வில், “ஏன் சர்க்கரையைப் பார்க்கவில்லை?” என்று கேட்டால் மாணவி தலைகுனிவாள். “நீங்கள் உள்ளே வந்ததும் கைகால் பலத்தைச் சோதித்தீர்கள், சர்க்கரையைப் பார்க்க ஆறு நிமிடம் ஆனது, அந்த நேரம் நோயாளிக்கு ஆபத்தானது என்று எனக்குப் பட்டது. அப்போது உங்கள் மனத்தில் எது ஓடியது?” என்று கேட்டால் அவள் பேசுவாள். ஒருத்தி, நாடி இயல்பாக இருந்ததால் சர்க்கரை குறைந்திருக்காது என்று நினைத்தேன் என்பாள். இன்னொருத்தி, மருத்துவர் சொல்லாமல் சோதிக்கக் கூடாது என்று நினைத்தேன் என்பாள். செயல் ஒன்றுதான், அதன் வேர்கள் வேறு. முதலாமவளுக்கு மருந்தியல் வேண்டும், இரண்டாமவளுக்குத் தன் பணியின் எல்லை எதுவென்ற தெளிவு வேண்டும்.

பதற்றத்தில் படித்ததெல்லாம் மறந்துபோகிறது. நான் நர்ஸாகத் தகுதியில்லாதவளா?

அப்படி இல்லை, தங்கையே. புதியவரின் மனம் ஒரே நேரத்தில் சிலவற்றை மட்டுமே தாங்கும். அலாரம், உறவினரின் அழுகை, புதிய கருவி எல்லாம் சேர்ந்து வந்தால் சிந்திக்க இடமிருக்காது. அது பயிற்சியை அமைத்தவர் சரிசெய்ய வேண்டிய குறை. முதலாண்டில் ஒரு பிரச்சினையுள்ள, மெதுவாக மாறும் நோயாளி போதும். நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்யுங்கள். உங்கள் எண்ணம் உங்களுக்கே ஒழுங்குபடும், பயிற்றுநருக்கும் எங்கே சிக்கல் என்பது தெரியும்.

நால்வர் செய்கிறார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். அவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

வேலை கொடுத்தால் கிடைக்கும். ஒருவர் தவறவிட்ட அறிகுறிகளைக் குறிக்கட்டும், இன்னொருவர் யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதைக் குறிக்கட்டும்.

பாடம் ஆங்கிலத்தில், வீட்டில் பாட்டியிடம் தமிழ், நோயாளி பேசுவதோ ஸுலு. இதையெல்லாம் பயிற்சியில் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம் சேர்க்க வேண்டும். டர்பன் இருக்கும் குவாஸுலு-நட்டால் மாகாணத்தில் பெரும்பாலான நோயாளிகளின் தாய்மொழி ஸுலு. மொழிபெயர்ப்பவர் வழியாக வரும்போது “நெஞ்சில் ஏதோ அழுத்துகிறது” என்பது “நெஞ்சுவலி” என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடும். எங்கே, எப்போது, எதைச் செய்தால் கூடுகிறது என்ற நுணுக்கங்கள் காணாமல் போகும். ஸுலு மட்டுமே பேசும் நடிகரை வைத்து நடத்தினால், தமக்குப் பாதித் தகவல்தான் கிடைத்தது என்பதை மாணவர் உணர்ந்து திரும்பக் கேட்கக் கற்றுக்கொள்கிறார். தமிழ் மட்டுமே தெரிந்த முதியவர்களுக்கும் இது பொருந்தும். எங்கள் மாணவி ஒருத்தி தன் பாட்டியின் பேச்சை அப்படியே நடித்துக்காட்டியபோது, ஸுலு பேசும் மாணவர்கள் அதே தவிப்பை மறுபக்கத்திலிருந்து உணர்ந்தார்கள்.

நாங்கள் இதெல்லாம் இல்லாமலே கற்றோம். நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் எங்களுக்குத் தெரிந்துவிடும். இது எதற்கு?

உங்களுக்குத் தெரிந்துவிடும் என்பது உண்மை, சிஸ்டர். அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் பாட்ரிஷியா பென்னர் 1984இல் எழுதியதும் இதைத்தான்: புதியவர் விதிகளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், தேர்ந்தவர் முழு நிலைமையையும் ஒரே பார்வையில் உணர்கிறார். அந்தப் பார்வைக்குப் பின்னால் நீங்கள் பல்லாண்டுகள் கண்ட நோயாளிகள் இருக்கிறார்கள். இன்றைய மாணவிக்கு அந்த ஆண்டுகள் இன்னும் கிட்டவில்லை.

உங்களைப் போன்றவர்கள் இந்த உரையாடல்களில் உட்கார வேண்டும் என்பதே என் வேண்டுகோள். “ஏதோ சரியில்லை என்று பட்டது” என்று நீங்கள் சொல்லும்போது, எதைக் கண்டதால் அப்படிப் பட்டது என்று துருவிக் கேட்டால், உதட்டின் நிறம், பேச்சின் இடைவெளி, கால்மாட்டில் கசங்கிய விரிப்பு என்று ஒவ்வொன்றாக வெளிவரும். எந்தப் பாடநூலிலும் அவை இந்த வரிசையில் இல்லை.

பயிற்சியில் ஒரு நோயாளி. வார்டில் முப்பது பேர். இது எப்படிப் பொருந்தும்?

மூத்த மாணவர்களுக்கு மூன்று நான்கு நோயாளிகளை ஒரே நேரத்தில் கொடுங்கள். இங்குள்ள அவசரப் பிரிவுகளில் வழக்கிலுள்ள தென்னாப்பிரிக்க டிரையாஜ் அளவுகோல், அதாவது யாரை முதலில் பார்ப்பது என்று வரிசைப்படுத்தும் முறை, இதற்கு ஏற்றது. மூச்சு, நாடி, அழுத்தம், வெப்பநிலை, நினைவுநிலை, நடமாட்டம், காயம் ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டு, சிவப்புக்கு உடனே, ஆரஞ்சுக்கு 10 நிமிடத்துக்குள், மஞ்சளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், பச்சைக்கு 4 மணி நேரத்துக்குள் என்று முறைப்படுத்துகிறது. புள்ளியைக் கூட்டுவது எளிது. கூட்டுத்தொகை தாழ்ந்திருந்தாலும் சில அறிகுறிகள் நோயாளியைச் சிவப்புக்கு உயர்த்திவிடும். சர்க்கரை 3க்குக் கீழே இருப்பது அவற்றில் ஒன்று. நம் புரட்டாசி அம்மையாரை மூன்று பேர் நடுவில் வைத்துப் பாருங்கள். எண்ணைக் கூட்டுபவர் யார், நோயாளியைப் பார்ப்பவர் யார் என்பது விளங்கும்.

காலைக் குழு மதியக் குழுவிடம் கதையைச் சொல்லிவிடுகிறது. என்ன செய்வது?

மதியக் குழுவுக்கு முடிவை மாற்றிவிடுங்கள். அதே அம்மையார், அதே விரதம். ஆனால் சர்க்கரை 6.8, வலது கை தளர்ந்திருக்கிறது. “சர்க்கரை குறைவு” என்று விடையோடு வந்தவர்கள் இப்போது எதிர்ப்பக்கத்து வலையில் விழுவார்கள். இரு குழுக்களையும் சேர்த்து உட்காரவைத்து நடத்தும் உரையாடல், கதை கசியாமல் இருந்தால் கிடைத்திருப்பதைவிட நன்றாகவே அமையும்.

வார்டு நேரத்தில் ஒரு பகுதியை இதற்குப் பதிலாகக் கணக்கிடலாமா?

2014இல் அமெரிக்காவின் தேசியச் செவிலியர் வாரியக் கூட்டமைப்பு வெளியிட்ட பெரிய ஆய்வு, 10 கல்வி நிறுவனங்களில் மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒன்றை வழக்கமான முறையிலேயே விட்டு, மற்ற இரண்டுக்கும் வார்டு நேரத்தில் முறையே 25 விழுக்காட்டையும் 50 விழுக்காட்டையும் பாவனைப் பயிற்சியால் ஈடுசெய்து பார்த்தது. அறிவிலும் திறனிலும் உரிமத் தேர்விலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அங்கே பயிற்றுநர்கள் முறையாகத் தயாரிக்கப்பட்டிருந்தார்கள், ஒவ்வொரு நிகழ்வுக்கும் பின் முறையான உரையாடல் இருந்தது. அவை இல்லாமல் விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொள்வது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி. இங்கே எதைக் கணக்கிடலாம் என்பது தென்னாப்பிரிக்கச் செவிலியர் மன்றம் ஏற்றுக்கொண்ட உங்கள் பாடத்திட்டத்தைப் பொறுத்தது. அதைக் கல்லூரியில் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள்.

சிந்தனைக்கு எப்படி மதிப்பெண் போடுவது?

அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் கேத்தி லசாட்டர் 2007இல் வடிவமைத்த மதிப்பீட்டு அட்டவணை டேனரின் நான்கு கட்டங்களையும் 11 கூறுகளாகப் பிரித்து, தொடக்கநிலை முதல் முன்மாதிரி நிலை வரை நான்கு படிகளில் விவரிக்கிறது. மாணவரின் நிலையை விளக்கிப் பேச அது மிகவும் உதவும். ஆனால், கற்பதற்கான பயிற்சியையும் தேர்வையும் ஒரே அறையில் ஒரே நாளில் கலக்காதீர்கள். மதிப்பெண் போடுகிறார்கள் என்று தெரிந்தால் மாணவர் நினைத்ததைச் சொல்லாமல், நாம் கேட்க விரும்புவதைச் சொல்வார்.

நோயாளி இறந்துபோவதாக முடிக்கலாமா?

இறப்பை எதிர்கொள்வதே பாடமாக இருந்து, மாணவர்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தால் முடிக்கலாம். தவறு செய்ததற்குத் தண்டனையாக ஒருபோதும் கூடாது.

பயிற்சியில் சரியாக யோசிக்கிறாள். வார்டில் டாக்டரிடம் சொல்லத் தயங்குகிறாள். என்ன பயன்?

மூத்தவர் முன் வாய் திறக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நம் வீடுகளில் அதிகம். மருத்துவமனையின் படிநிலையும் அதையே கேட்கிறது. ஆகவே பேசுவதையும் ஒத்திகை பார்க்க வேண்டும். நிலைமை, பின்னணி, என் மதிப்பீடு, என் வேண்டுகோள் என்ற நான்கு பகுதி கொண்ட ‘எஸ்பார்’ முறை பல இடங்களில் கற்பிக்கப்படுகிறது. மாணவியர் முதல் இரண்டையும் சரளமாகச் சொல்லிவிட்டு, மூன்றாவதில் நின்றுவிடுகிறார்கள். “நாடி 118 டாக்டர்” என்பதோடு நிறுத்தாமல், “இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன், நீங்கள் இப்போதே வர வேண்டும்” என்று சொல்லி முடிக்கும்வரை நான் நிகழ்வை நிறுத்துவதில்லை.

தொலைபேசியின் மறுமுனையில் டாக்டராக நடிப்பவர் முதல் தடவை, “அரை மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன்” என்று சொல்லி வைத்துவிட வேண்டும். அதன்பிறகு அவள் யாரை அழைக்கிறாள், எத்தனை நிமிடத்தில் அழைக்கிறாள், அந்த அழைப்பைப் பதிவேட்டில் நேரத்தோடு எழுதுகிறாளா என்பதைக் கவனியுங்கள். வார்டுக்குப் போன முதல் வாரத்திலேயே இதே போன்ற ஓர் அழைப்பை, சிஸ்டர் பக்கத்தில் நிற்க, அவளையே செய்யவிடும்படி வார்டுப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.